கைலாயக் கணக்கில் விடுபடும் மூன்று இரவுகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கைலாய யாத்திரைக்கு ஆள் சேர்க்கும்போது கையில் தரும் தாளில் மூன்று விஷயங்கள் தடித்த எழுத்தில் இருக்கும்: எத்தனை டொலர், எத்தனை நாள், பௌர்ணமி எந்தத் திகதியில். நாலாவதாக ஒன்று இருக்க வேண்டும். ஒவ்வொரு இரவும் எத்தனை மீற்றர் உயரத்தில் படுக்கப் போகிறோம் என்பதே அது. பெரும்பாலான தாள்களில் அது இருக்காது. என் கணக்கில் பயணத்தின் உண்மையான விலையே அதில்தான் இருக்கிறது. ஆகவே உயரத்தை முதலிலும் காசைப் பிறகும் பார்ப்போம்.

மரைன் டிரைவில் காலையில் நடக்கிறவர் கடல் மட்டத்தில் நடக்கிறார். நுவரெலியா 1,868 மீற்றர். சிவனொளிபாதம் 2,243. இலங்கையின் ஆகக்கூடிய உயரம் பிதுருதலாகலை, 2,524. அதற்கு மேல் ஓர் அடிகூட இந்த நாட்டில் கிடையாது. மானசரோவர் ஏரிக்கரையோ 4,590 மீற்றர். கைலாயத்தைச் சுற்றும் 52 கிலோமீற்றர் பாதையின் உச்சியான டோல்மா லா கணவாய் ஏறத்தாழ 5,630. கைலாய சிகரம் 6,638 மீற்றர் என்று சொல்லப்படுகிறது. அதில் யாரும் ஏறுவதில்லை, ஏறவும் கூடாது. அதாவது கொழும்பில் இருந்து புறப்படும் யாத்திரிகர் தன் நாட்டின் மிக உயர்ந்த இடத்தைவிட 2,000 மீற்றர் மேலே போய்த்தான் ஏரியையே பார்க்கிறார்.

உயரம் கூடும்போது காற்றழுத்தம் குறைகிறது, அதோடு சேர்ந்து ஒரு மூச்சில் கிடைக்கும் ஒக்சிஜனும் குறைகிறது. கடல் மட்டத்தில் அதை 100 என்று வைத்தால், சிவனொளிபாத உச்சியில் ஏறத்தாழ 77, மானசரோவரில் 57 அல்லது 58, டோல்மா லாவில் 50. பாதி மூச்சு. சமையலிலும் இது தெரியும். ஏரிக்கரையில் தண்ணீர் 85 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பானையில் அரிசி வேகாது. அதனால்தான் காத்மண்டுவில் இருந்து வரும் ஷெர்பா சமையல்காரர்கள் பிரஷர் குக்கரைச் சுமந்து வருகிறார்கள்.

பயிற்சிக்கு எங்களவர் பலர் சிவனொளிபாதம் ஏறுகிறார்கள். நல்லதண்ணியில் இருந்து 5,000க்கு மேற்பட்ட படிகள், ஒரே இரவில் ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற்றம். காலுக்கும் முழங்காலுக்கும் இதைவிட நல்ல பயிற்சி இந்த நாட்டில் இல்லை. டிசம்பர் போயா முதல் வெசாக் வரையான பருவத்தில் இரண்டு முறையாவது ஏறிவிட்டுப் போவது நல்லது. சுற்றுப்பாதையின் இரண்டாம் நாள் திரபுக்கில் இருந்து டோல்மா லா வரை 600 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். வெள்ளவத்தை அடுக்குமாடிகளின் கணக்கில் அது 200 மாடி, லிப்ட் கிடையாது, மூச்சும் பாதி. அதன் பிறகு வரும் இறக்கத்தையும் சேர்த்து அன்றைய நடை 22 கிலோமீற்றர். கால் பழகாதவருக்கு அது முடியாத காரியம். ஆனால் கால் பழகியது நுரையீரலையோ மூளையையோ உயரத்துக்குப் பழக்காது. உடலுறுதிக்கும் மலைநோய்க்கும் தொடர்பு மிகக் குறைவு.

இதை நான் சாகாவில் பார்த்தேன். ஏறத்தாழ 4,500 மீற்றர் உயரத்தில் உள்ள திபெத்திய ஊர் அது. இரவு சாப்பாட்டுக்கு முன், இரத்தத்தில் உள்ள ஒக்சிஜனை அளக்கும் ஒரு சிறிய ஒக்சிமீற்றரை விரல் விரலாக மாற்றிக்கொண்டிருந்தோம். கொழும்பில் எல்லோருக்கும் 97, 98 காட்டிய கருவி அங்கே 84, 81, 86 என்று காட்டியது. ஆகக்குறைந்த எண் 74. அது எங்கள் குழுவில் ஆக இளையவருக்கு, தினமும் ஜிம்முக்குப் போகும் பையனுக்கு. முழங்கால் வலியோடு வந்த ஓய்வுபெற்ற ரீச்சருக்கு 88. அந்தப் பையன் அன்றிரவு சாப்பிடவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

இனிக் காசு. காத்மண்டுவில் இருந்து தரைவழியாகப் போய்வரும் 14 நாள் பயணத்துக்கு ஒரு கணக்காக 2,500 டொலர் வைப்போம். கூடவும் கேட்கிறார்கள், குறையவும் கேட்கிறார்கள். டொலர் 300 ரூபாய் என்றால் 750,000 ரூபாய். கட்டுநாயக்காவில் இருந்து காத்மண்டு போய்வர விமானத்துக்கு 450 டொலர், 135,000. சுற்றுப்பாதையில் குதிரையும் சுமைக்காரரும் தேவைப்பட்டால் அவர்களுக்கு யுவானில், கையில், அங்கேயே கொடுக்க வேண்டும். குதிரைக்கு 3,000, சுமைக்காரருக்கு 1,000 என்று குறைத்து வைத்தாலும் 4,000 யுவான். ரூபாயில் 167,000 வரை வரும். தாளில் தடித்த எழுத்தில் உள்ள விலைக்குள் பெரும்பாலும் இது இருக்காது. உயரமலைக்குப் பொருந்தும் காப்புறுதிக்கு 30,000, குளிர் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் 40,000, ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, மருந்துகளுக்கு 25,000, வழிச்செலவுக்கும் அன்பளிப்புகளுக்கும் 45,000. கூட்டினால் 1,192,000 ரூபாய். ஒருவருக்குப் பன்னிரண்டு இலட்சம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு செலவு மட்டும் எங்களுக்கு இல்லை. சார்க் நாட்டவர் என்பதால் நேபாளம் 30 நாள் விசாவை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தருகிறது. ரொறன்ரோவில் இருந்து வந்து காத்மண்டுவில் சேர்ந்துகொள்ளும் அண்ணா அதே விசாவுக்கு 50 டொலர் கட்டுவார், கொட்டாஞ்சேனைத் தங்கச்சி கட்டத் தேவையில்லை. சீன விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை. குழு முழுவதுக்கும் ஒரே தாளில் வரும், காத்மண்டுவில்தான் கிடைக்கும். அதற்காகக் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு அங்கே சில நாள் காத்திருக்க வேண்டும். குழுத்தாள் என்பதால் ஒருவருக்கு முடியாமல் போனாலும் நினைத்தபடி தனியே பிரிந்து திரும்ப முடியாது. இது பின்னால் முக்கியமாகும்.

டொலரின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பெற்றோர் பலரின் யாத்திரை அதில்தான் நின்றுபோனது. அதே 2,500 டொலர் 2014இல், டொலர் 130 ரூபாயாக இருந்தபோது, 325,000 ரூபாய். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 500,000. அதே ஆண்டு மே மாதத்தில் 900,000. பத்து வாரத்துக்குள் நாலு இலட்சம் ஏறிவிட்டது. யாத்திரைக்கென்று வங்கியில் ரூபாயாகச் சேர்த்து வைத்திருந்த ஓய்வூதியக்காரருக்கு அந்தப் பத்து வாரத்தில் மலை எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. டொலர் 300க்கு இறங்கிய பிறகுதான் மறுபடி பெயர் கொடுக்கிறார்கள். அப்போது அறுபதாக இருந்த வயதும் இதற்கிடையில் கூடிவிட்டது.

இந்திய அரசு நடத்தும் யாத்திரை மலிவாயிற்றே, அதில் சேரலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. சேர முடியாது, அதற்கு இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும். ஆனால் அந்தக் கணக்கைப் பார்ப்பதால் பயன் உண்டு. இந்திய வெளிவிவகார அமைச்சு 1981 முதல் இதை நடத்துகிறது. 2020 முதல் ஐந்து ஆண்டுகள் நின்றிருந்து 2025 ஜூனில் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டில் லிபுலேக் வழியில் 50 பேர் கொண்ட 5 குழுக்கள், நாதுலா வழியில் 10 குழுக்கள், மொத்தம் 750 இடம். விண்ணப்பித்தவர்கள் 5,561 பேர். ஓர் இடத்துக்கு ஏழு பேருக்கு மேல். அப்போது கட்டணம் லிபுலேக் வழிக்கு இந்திய ரூபாயில் 174,000, நாதுலாவுக்கு 283,000. எங்கள் ரூபாயில் முறையே ஆறு இலட்சமும் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவும். தமிழ்நாட்டு அரசு 2012இல் மானசரோவர் போகும் யாத்திரிகருக்கு 40,000 ரூபாய் மானியம் அறிவித்தது. எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

எனக்கு அந்த அட்டவணையில் பொறாமை தருவது காசு அல்ல. லிபுலேக் வழிக்கு 22 நாள், நாதுலாவுக்கு 21 நாள். வயது 18 முதல் 70 வரை, உடல் நிறைச் சுட்டெண் 25க்கு மேல் போகக் கூடாது. டில்லியில் ஒரு மருத்துவப் பரிசோதனை. லிபுலேக் வழியில் குஞ்சியில், ஏறத்தாழ 3,200 மீற்றரில், இன்னொன்று. அதில் தேறாதவர் அங்கிருந்தே திருப்பி அனுப்பப்படுவார். எங்களுக்கு விற்கப்படும் தரைவழிப் பயணம் 13, 14 நாள். ஹெலிகொப்டர் வழி 9, 10 நாள். மலை ஒன்று, உடம்பும் ஒன்று. நாளில் மட்டும் மூன்றில் ஒன்று முதல் பாதிக்கு மேல் வரை குறைவு. தேறாதவரைத் திருப்பி அனுப்ப எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

அந்த நாலாவது எண்ணை இப்போது எழுதிப் பார்க்கலாம். காத்மண்டு 1,400 மீற்றர், இரண்டு மூன்று இரவு. சியாப்ருபேசி 1,500 அளவில் ஓர் இரவு. எல்லையைக் கடந்து கேரூங் 2,800, இரண்டு இரவு. அடுத்தது சாகா 4,500. அதற்கடுத்த இரவு மானசரோவர் 4,590. பிறகு டார்சென் 4,600க்கு மேல், திரபுக் ஏறத்தாழ 5,000, சுதுல்புக் 4,800. கேரூங்குக்கும் சாகாவுக்கும் இடையில் ஒரே நாளில் 1,700 மீற்றர். மலை மருத்துவத்தின் பொதுவான வழிகாட்டல் இது: 3,000 மீற்றரைத் தாண்டிய பிறகு படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தில் ஓய்வு வேண்டும். அதன்படி கேரூங்கில் இருந்து சாகாவுக்குக் குறைந்தது இன்னும் மூன்று இரவு வேண்டும். அந்த மூன்று இரவுகள்தான் தாளில் இல்லாதவை.

ஹெலிகொப்டர் வழி இன்னும் செங்குத்து. நேபாள்கஞ்ச் 150 மீற்றர். அங்கிருந்து சிறுவிமானத்தில் சிமிகோட், 2,910. ஹெலிகொப்டரில் ஹில்சா, 3,640. பாலத்தைக் கடந்து வாகனத்தில் தக்லாகோட், ஏறத்தாழ 3,900. வெயிலும் காற்றும் இடம் கொடுத்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும். வயதானவர்களுக்குச் சுகமான வழி என்று இதைத்தான் சொல்கிறார்கள். இருக்கை சுகமானதுதான். ஆனால் பழக நேரமே கொடுக்காமல் உடம்பை மேலே தூக்கிவிடுகிறது. என் பெற்றோரை இந்த வழியில் அனுப்பமாட்டேன்.

மலைநோய்க்கு எடுக்கும் டயமொக்ஸ் மாத்திரை வெள்ளவத்தைப் பாமசிகளில் கிடைக்கும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை, ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளில் இருந்து. சல்பா ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் தொடக்கூடாது. நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மருந்து எடுப்பவர்களும் கேட்டே ஆக வேண்டும், எங்கள் குழுக்களில் அவர்கள்தான் அதிகம். மாத்திரை உடம்பு பழகுவதை விரைவாக்கும், இரவுகளை ஈடுசெய்யாது. தலையிடி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதே உயரத்தில் நிற்க வேண்டும். நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நுரையோடு இருமல் வந்தால், உடனே கீழே இறக்க வேண்டும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கும் அறிகுறிகள் அவை. சில மணித்தியாலங்களில் உயிர் போகலாம். ஒக்சிஜன் சிலிண்டர் நேரம் வாங்கித் தரும், இறங்குவதுதான் வைத்தியம். திபெத்துப் பக்கத்தில் யாத்திரிகரைத் தூக்க மீட்பு ஹெலிகொப்டர் வராது. வாகனத்தில்தான் இறக்க வேண்டும், அதுவும் அந்தக் குழுத்தாளின் ஒழுங்குக்கு உட்பட்டு. காப்புறுதிப் பத்திரத்தில் உயர எல்லை எத்தனை மீற்றர் என்று எழுதியிருக்கும் வரியைக் கையெழுத்து வைக்க முதல் படித்துவிடுங்கள். பலவற்றில் அது ஏரியின் உயரத்துக்கும் கீழே நின்றுவிடும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு முன்னோடிக் கூட்டத்தில் நடந்த பேச்சு எனக்கு நினைவிருக்கிறது.

"தம்பி, மற்ற ஆக்கள் 14 நாளில முடிச்சுக்கொண்டு வருகினம். நீங்கள் ஏன் 17 போடுறீங்கள்?"

"மாமி, அந்த மூண்டு நாளும் ஓய்வுக்கு."

"சும்மா இருக்கிறதுக்கு நான் ஏன் தொண்ணூறாயிரம் குடுக்க வேணும்?"

நியாயமான கேள்வி. அந்தத் தம்பி சரியாகப் பதில் சொல்லவில்லை, நான் எண்ணில் சொல்கிறேன். ஓர் இரவு கூட நிற்க ஆளுக்கு 100 டொலர் என்று வைத்தால் மூன்று இரவுக்கு 90,000 ரூபாய்தான். 1,192,000 ரூபாய்க் கணக்கில் அது நூற்றுக்கு ஏழரை. குதிரைக்கும் சுமைக்காரருக்கும் கொடுப்பதில் பாதியைவிடச் சற்றே கூட. அதைக் கொடுக்காமல் போய் சாகாவில் படுத்துவிட்டால் மற்றப் பன்னிரண்டு இலட்சமும் ஏரியைப் பார்க்காமலேயே செலவாகிவிடும். கேரூங்கில் ஓர் இரவு கூட, சாகாவில் ஓர் இரவு கூட, ஏரிக்கரையில் ஓர் இரவு கூட. எந்த முகவரிடமும் இதை எழுத்தில் கேட்கலாம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கொடுப்பார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. பலர் கைலாயம் முடிந்து களைத்த பிறகு முக்திநாத்துக்குப் போகிறார்கள். அதை முன்னுக்குப் போடுங்கள். ஜோம்சோம் 2,740 மீற்றர், அங்கே ஓர் இரவு. முக்திநாத் 3,700க்கு மேல், அதன் அடிவார ஊரில் இரண்டு இரவு. வைணவர்களின் 108 திவ்யதேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமத்தையும் தரிசித்ததாகும், உடம்பும் உயரம் என்றால் என்னவென்று ஒரு முறை கற்றிருக்கும். முழுக் காப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவருக்கு 3,700 மீற்றரிலேயே தாங்கவில்லை என்றால் அது நேபாளத்துக்குள், குழுத்தாளுக்கு வெளியில், திரும்பி வரக்கூடிய இடத்தில் தெரிந்துவிடும்.

திரும்பும் டிக்கற்றிலும் நாள் விட வேண்டும். 1998 ஆகஸ்டில் லிபுலேக் வழியில் உள்ள மால்பாவில் மலை சரிந்து 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 60 பேர் கைலாய யாத்திரிகர்கள், நடனக் கலைஞர் புரோதிமா பேடி உட்பட. 2015 ஏப்ரல் நிலநடுக்கம் பழைய கோதாரி வழியை மூடியது, கேரூங் வழி பிரதானமானது. 2018 ஜூலையில் மேகம் கலையாததால் சிமிகோட், ஹில்சா பக்கம் ஏறத்தாழ 1,500 இந்திய யாத்திரிகர்கள் பல நாள் சிக்கினார்கள். 2025 ஜூலை 8ஆம் திகதி போத்தே கோசி வெள்ளம் ரசுவாகடியில் நேபாளத்தையும் சீனாவையும் இணைத்த நட்புறவுப் பாலத்தை அடித்துச் சென்றது. கேரூங் வழி அன்று துண்டிக்கப்பட்டது; காசு கட்ட முதல் அந்த வழி திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். நாலில் மூன்று ஜூலை, ஆகஸ்டில் நடந்தவை. பாடசாலை ஆகஸ்ட் விடுமுறைக்குப் பொருந்துகிறது என்று அந்த மாதத்தைத் தெரிவு செய்யாதீர்கள். மே இறுதி, ஜூன் தொடக்கம், செப்டெம்பர் நல்லவை. 2026 திபெத்தியருக்குக் குதிரை ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வருவது; அந்த ஆண்டில் ஒரு சுற்று பதின்மூன்று சுற்றுக்குச் சமம் என்பது அவர்கள் நம்பிக்கை. கூட்டமும் விலையும் அதற்கேற்பக் கூடும்.

ஏரியைச் சுற்றிக் கரை ஏறத்தாழ 88 கிலோமீற்றர், பரப்பு 410 சதுர கிலோமீற்றர் அளவு. இப்போது உள்ளே இறங்கி முழுக விடுவதில்லை, வாளியில் மொண்டு கரையில் நின்று ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீர் தலையில் விழும்போது மூச்சு ஒரு கணம் நின்றுவிடும். ஒரு வாளி போதும், இரண்டாவது வேண்டாம். ஏரியைக் கண்டு, சுற்றுப்பாதை தொடங்கும் யமதுவார் வரை போய், சுற்றாமல் டார்செனில் தங்கிவிடுகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கொழும்பு திரும்பியும் அதைச் சொல்லக் கூசுகிறார்கள். கூச வேண்டியதில்லை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போனதைச் சொல்லும் பெரியபுராணமே, அப்பர் உடம்பு தேய்ந்து வழியில் விழுந்ததையும், அங்கிருந்து திருப்பப்பட்டுத் திருவையாற்றில் கயிலைக் காட்சி கண்டதையும் சொல்கிறது. 52 கிலோமீற்றரை முடிக்காதவருக்கு எங்கள் மரபில் முன்னவராக நிற்பவர் அப்பர்.

பன்னிரண்டு இலட்சம் இல்லாதவர்களுக்கும், எழுபதைத் தாண்டாத, இதயம் உறுதியான, சீன விசா வேண்டாத அடுத்த தலைமுறைக்கும் நான் சொல்வது கோசாயின்குண்டம். காத்மண்டுவில் இருந்து கேரூங் போகும் அதே வழியில் துன்சேயில் இறங்கி நடக்க வேண்டும். துன்சே 2,000 மீற்றர் அளவு, ஏரி 4,380. ஆலகால விடத்தின் வெம்மை தணிய சிவன் திரிசூலத்தால் மலையைக் குத்தியபோது பிறந்தது என்பது தலபுராணம். ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி நேபாள மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே முழுகப் போகிறார்கள், அங்கே முழுகத் தடையில்லை. லாங்டாங் தேசியப் பூங்கா நுழைவுக்குச் சார்க் நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாய். விசா இலவசம், குழுத்தாள் இல்லை, முடியாவிட்டால் எந்த வளைவில் இருந்தும் திரும்பி இறங்கலாம். வழி முழுவதும் தேநீர்க் கடைகளோடு சேர்ந்த தங்குமிடங்கள் உண்டு. 500 மீற்றருக்கு ஒன்றாகத் தங்கித் தங்கி ஏறுவதற்கு அவை போதும்.